பழகினால் மட்டும் போதுமா?

ஜாதித் துவேஷம் அறியாமையால் உண்டாவது, ஜனங்கள் ஒருவரோடொருவர் கலந்து பழகினால் அது தானே நீங்கிவிடும் என்று நம்மிற் பலர் மேடைகளில் பேசி வருகின்றனர். கேட்பதற்கு இனிய வார்த்தைதான். ஆனால் இதனை முழு உண்மையென்று கொண்டு நாம் வாளாவிருப்போமாயின் பெருந்தவறு செய்தவராவோம்.

நமது கிராமங்களைப் பாருங்கள். ஊரும் சேரியும் பல நூறாண்டுகளாகக் கூப்பிடு தூரத்திலேயே இருந்து வருகின்றன. ஊரார் நிலத்தை உழுதவரும், நாற்று நட்டவரும், கதிர் அறுத்தவரும் சேரியாரே. ஒருவர் வீட்டு நன்மை தீமைகளை மற்றவர் அறிவர். இதனினும் நெருங்கிய பழக்கம் வேறென்ன வேண்டும்? அவ்வளவு பழகியும் கிணறு வேறு, தெரு வேறு, சுடுகாடு வேறு என்றுதானே வாழ்ந்தோம்? இன்றும் பல ஊர்களில் சுடுகாடு வேறாகவே இருக்கிறது. காரணம் யாது? அது ஆண்டானுக்கும் அடிமைக்கும் இடையே நிகழ்ந்த பழக்கம். களத்தில் ஒருவன் நின்று நெல்லை அளக்க, மற்றவன் குனிந்து துண்டை ஏந்தினான். இவ்விதப் பழக்கத்தால் துவேஷம் தேய்வதில்லை. தினந்தோறும் ஓதும் பாடம்போல் மனத்திற் பதிகிறது.

தேசபக்தர் கூடிய இடத்திலும் இந்த அநுபவத்தையே கண்டோம். தேசீயக் கல்வியின் பொருட்டு வ. வே. ஸு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பல ஜாதிச் சிறுவர் ஒரே கூரையின்கீழ்ப் பயின்றனர். பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு படைக்கப்பட்டது. பெற்றோர் விருப்பத்திற்கு இணங்கியே அவ்வாறு செய்ததாகச் சமாதானம் கூறப்பட்டது. 1924, 1925-ஆம் வருஷங்களில் இவ்விவகாரம் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே கலக்கிவிட்டது. ஐயரவர்களின் தேசபக்தியில் நமக்கு லவலேசமும் சந்தேகமில்லை. ஆயினும் பகலெல்லாம் சேர்ந்து படித்ததன் பயனைத் தனியே போட்ட அந்த இரண்டு இலைகள் அழித்துவிட்டன என்பதை மறைப்பதற்கில்லை.

நிற்க. இவ்விஷயத்தை அமெரிக்க உளநூல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-ஆம் வருஷம் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்திருக்கிறார். பழக்கம் துவேஷத்தைக் குறைக்க வேண்டுமானால், பழகுவோருக்குச் சம அந்தஸ்து இருத்தல் வேண்டும். இருவருக்கும் பொதுவானதொரு நோக்கம் வேண்டும். அதன்பொருட்டு இருவரும் ஒத்துழைத்தல் வேண்டும். சட்டமும் அதிகாரமும் அதற்குத் துணை நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 2017-ஆம் வருஷம் உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்னும் பொருளாதார அறிஞர் கிரிக்கெட் பந்தயங்கள் நடத்தி ஒரு பரீட்சை செய்தார். சில அணிகளில் ஒரே ஜாதி வாலிபரும், சில அணிகளில் பல ஜாதி வாலிபரும் சீட்டுக் குலுக்கியது போலச் சேர்க்கப்பட்டனர். ஒரே அணியில் தோளோடு தோள் நின்று ஆடியவர்களிடையே ஜாதி கடந்த நட்பு மிகுந்தது. எதிரெதிர் அணிகளில் நின்று சந்தித்தவர்களிடையிலோ அத்தகைய உறவு பொதுவாகக் குறையவே செய்தது. மைதானம் ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். சேர்ந்து நின்றார்களா, எதிர்த்து நின்றார்களா என்பதே பலனை மாற்றியது.

அதிகாரத்தின் துணை என்றோம். 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட சகோதரரை மதுரை மீனாக்ஷி கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். ராஜாஜி மந்திரிசபை அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. வைதிகர் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் கோவிற் கதவுகள் எத்தனை காலம் மூடிக் கிடந்திருக்குமோ! முதலிற் கதவு திறந்தது. பின்னரே மனம் பழகிற்று. 1956-ல் காமராஜர் தொடங்கிய பகலுணவுத் திட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றை உண்ணும் குழந்தைகளுக்குச் சமத்துவத்தைப் பற்றிய பிரசங்கம் எதற்கு?

ஆயினும் நாம் பெருமை பேசி இருக்க இடமில்லை. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் ஆதிதிராவிட மாணவன் ஒருவனை அவனுடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுண்டாள். ஒரே பள்ளியில் படித்தது அவர்களை நண்பராக்கவில்லை. தெருவிலிருந்த ஜாதி, மணிக்கட்டிற் கட்டிய வர்ணக் கயிறாய்ப் பள்ளிக்குள்ளும் புகுந்துவிட்டது! இக்கொடுமைக்குப் பின் சர்க்காரால் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு 2024-ல் தமது அறிக்கையை அளித்தார். பள்ளிப் பெயர்களினின்று ஜாதிப் பெயரை நீக்குதல், ஜாதிக் கயிறுகளைத் தடுத்தல், மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைத்தல் ஆகியவை அவர் கூறிய யோசனைகளிற் சில. இவை சிறு காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் சேரன்மாதேவியில் போட்ட இலைகளும் சிறு காரியந்தானே?

ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்திற்கு ஒரு நாள் சமபந்தி விருந்துண்டு படம் பிடித்துக் கொள்வதால் பயனில்லை. மறுநாள் காலையில் ஊர்க் குளத்தை இரு தெருவாரும் சேர்ந்து தூர் வாருகின்றனரா? அந்த வேலையை நடத்தும் குழுவில் சேரியாரும் சமமாக உட்கார்ந்து யோசனை சொல்லுகின்றனரா? மாண்டவருக்கு ஒரே சுடுகாடு உண்டா? இவற்றைக் கேளுங்கள். இல்லையென்றால் உண்டாக்குங்கள். சமமாக உட்காரவும், சேர்ந்து உழைக்கவும் இடம் செய்து கொடுக்காமல் "பழகுங்கள்" என்று உபதேசிப்பது பழைய அடிமைத்தனத்திற்குப் புதுப்பெயர் சூட்டுவதேயாகும் என்பது நமது துணிபு.