மேலுறைச் சித்திரமும் பெண்பாலார் நாவல்களும்

சென்ற பருவத்தில் நம் விடுதித் தோழர் ஒருவர் கல்லூரி நூல்நிலையத்தினின்றும் ஒரு நாவலை எடுத்துவந்து, முதற்காரியமாக அதற்குச் செய்தித்தாளால் உறையிட்டார். நூல் அழுக்குறாதிருத்தற்பொருட்டோ என வினவினோம். அதன்று காரணம். நூலை இயற்றியவர் ஒரு பெண்மணி. மேலட்டையிலோ ரோஜா வண்ணத்தில் ஒரு யுவதி சாளரத்தருகே சாய்ந்து நின்றாள். அதனைக் கையிலேந்தி உணவறைக்குச் செல்ல நண்பர் நாணினார். வாசித்து முடித்தபின், அத்தகைய யுவதியே கதையில் இல்லையென்றும், அது கடனில் ஆழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறென்றும் கூறினார். நாம் நகைத்தோம், பின்னர்ச் சிந்திக்கலானோம்.

பெண்பாலார் எழுதும் நாவல்களுக்குப் பெண்முகமே ஏற்ற சித்திரமென்று யார் விதித்தார்?

இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ஃப் அம்மையாரும் அவர்தம் கணவர் லெனார்டு வுல்ஃபும் 1917-ஆம் ஆண்டில் ஹோகார்த் அச்சகத்தைத் தம் இல்லத்திலேயே தொடங்கினர். 1922-இல் அங்கு வெளிவந்த 'ஜேக்கபின் அறை' என்னும் நாவலுக்கு மேலுறை வரைந்தவர் ஆசிரியையின் தமக்கையாராகிய வனெஸா பெல். திரைச்சீலைகள், ஒரு மேஜை, அதன்மேல் மலர்க்கிண்ணம், அவ்வளவே. புத்தக வியாபாரிகளுக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. எழில் மங்கையும் இல்லை, ஜேக்கபும் இல்லை, அவன் அறைதானும் இல்லை என்பது அவர்கள் குறையென லெனார்டு பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதினார். வேடிக்கை என்னவெனில், அக்குறையே நாவலின் பொருள். ஜேக்கப் என்னும் இளைஞனைப் பிறர் கண்ட துணுக்குகளாலன்றி நாம் அறிவதேயில்லை. 1914-இல் மூண்ட பெரும்போரில் அவன் மடிகிறான். இறுதியில் எஞ்சுவது ஆளற்ற அறையும் அவனுடைய பழைய பாதரட்சைகளும். ஆளில்லாத மேலுறை அவ்வின்மையை முன்கூட்டியே உரைத்துவிட்டதன்றோ! இத்தனைக்கும் வனெஸா சில நூல்களை முழுதும் வாசியாமலேயே மேலுறை வரைந்தவர் என்பர்.

வியாபாரி பிழைக்க வேண்டாமா என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் வுல்ஃப் தம்பதியரும் வியாபாரமே நடத்தினர். இருந்தும் தமக்கையாரை நீக்கினாரல்லர். 1927-இல் வெளிவந்த 'கலங்கரை விளக்கத்திற்கு' என்னும் நாவலுக்கும் அவரே விளக்கையும் அலைகளையும் வரைந்தார். கதைத்தலைவியின் முகம் அங்கும் இல்லை.

நம் மனத்தை அதிகம் வருத்தியது மற்றொரு நூல். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தின் 'மணிக் கண்ணாடி' 1963 ஜனவரியில் விக்டோரியா லூகாஸ் என்னும் புனைபெயருடன் லண்டனில் வெளிவந்தது. அடுத்த மாதமே ஆசிரியை மறைந்தார். 1966-இல் ஃபேபர் நிறுவனம் அவர்தம் சொந்தப் பெயரிலேயே அதனை வெளியிட்டபோது, ஷெர்லி டக்கர் வட்டத்துள் வட்டமாக ஒரு மேலட்டை அமைத்தார். நோக்குங்கால் கண் உள்ளே இழுபட்டு மீள வழியறியாது திகைக்கும். நம்மையொத்த பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தியின் மனநோயைச் சொல்லும் கதைக்கு இதனினும் பொருத்தமானது யாது?

2013-இல், ஐம்பதாண்டு நிறைவுப் பதிப்பில், சிவந்த பின்னணியில் கைக்கண்ணாடி நோக்கி முகத்திற்குப் பூச்சிடும் ஒரு நங்கையை அமைத்தனர். வாசகர் பலர் வெகுண்டெழுந்தனர். அச்சித்திரம் முற்றும் பொய்யென்று நாம் சொல்லோம். கதைத்தலைவி நியூயார்க்கில் ஒரு நாகரிகப் பெண்கள் பத்திரிகையில் பணிபுரிவதோடே நாவல் தொடங்குகிறது. அங்கே பூச்சும் புனைவும் மிகுதி. ஆனால் அவள் அப்பளபளப்பில் மூச்சுமுட்டி வெளியேறுகிறாள். சித்திரத்தைத் தேர்ந்தவர் முதற்சில அதிகாரங்களோடு நின்றுவிட்டார் போலும்! புதிய வாசகரை ஈர்ப்பது அவர்தம் கருத்தாயிருக்கலாம். ஈர்க்கப்பட்டோர் சிலராயினும், நம் தோழரைப்போல் நாணி விலகியோர் எத்தனை பேரோ?

நம் நூல்நிலையத்துப் பிரதி பலமுறை பைண்டு செய்யப்பெற்று, சித்திரம் ஏதுமின்றிக் கறுப்புத் துணியட்டையில் இருக்கிறது. சென்ற வாரம் அத்தோழரிடம் அதனைக் கொடுத்தோம். இம்முறை அவர் செய்தித்தாளைத் தேடவில்லை.