தயவா? உரிமையா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒருநாட் காலை நின்று பார்ப்போர், நயினை அம்பாளைத் தரிசிக்கச் செல்லும் அடியார் கூட்டத்தையே முதலிற் காண்பர். நெடுந்தீவுப் படகிலிருந்து வயிற்றைக் கையால் தாங்கியபடி இறங்கும் கர்ப்பிணித் தாய்மாரை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடற்பயணம் அவர்களுக்கு முடிந்திருக்கும். வாணர் தாம்போதியையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடைய, 30 கிலோமீற்றரளவு தரைவழி இன்னும் எஞ்சியிருக்கும்.

நெடுந்தீவில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. ஆயின் சத்திரசிகிச்சை வேண்டிய பிரசவமெனிற் கடல் கடந்தே ஆகவேண்டும். பேற்றின் பின் பெருகும் குருதி நிறுத்தப்படாவிடின் 2 மணித்தியாலத்துள் உயிர் பிரியலாம் என்பது மருத்துவர் அறிந்த கணக்கு. வாடைக்காற்று அக்கணக்கைக் கேட்டா வீசுகின்றது? ஆபத்து வேளையிற் கடற்படைப் படகு வந்து உதவிய சந்தர்ப்பங்கள் உள; உதவியோருக்கு நன்றி. எனினும் படகு வருவதும் வராததும் பிறர் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாயின் அது தயவேயன்றி உரிமையாகாது. மேலும், 1985 மே 15இல் இதே கடலிற் குமுதினிப் படகில் நம்மவர் வெட்டிக் கொல்லப்பட்டதை மறவாத மக்கள், சீருடையினரின் படகில் ஏறத் தயங்குவராயின், அவர்களைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திற் சுகாதார உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆயினும் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று 12ஆம் உறுப்புரை சாற்றுகின்றது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. பேறுகாலத்துக்குத் தக்க சேவையை, வேண்டுமிடத்து இலவசமாகவே, அளிக்கும் கடமையை அது அரசின்மீது சுமத்துகின்றது. கிராமப் பெண்களைத் தனியே குறித்தும் பேசுகின்றது. பிரேசிலில் 2002இற் கர்ப்பிணியொருத்தி தக்க சிகிச்சையின்றி மாண்டாள். அம்மரணத்துக்கு அரசே பொறுப்பு என 2011இல் அச்சமவாயக் குழு தீர்ப்புரைத்தது. அக்குழுவிடம் முறையிடும் வழியை இலங்கையும் 2002இல் ஏற்றுள்ளது. உள்நாட்டுப் பரிகாரங்களை நாடி முடித்த நெடுந்தீவுத் தாய்க்கும் அக்கதவு திறந்தேயிருக்கின்றது.

சேவை கிடையாமை ஒரு தீங்கு. கேளாமலே திணிக்கப்படும் சேவை வேறொரு தீங்கு. 2013 ஆகஸ்டிற் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில் முதலிய கிராமங்களில், குழந்தைகளின் போஷாக்குப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்கு, உண்மையான சம்மதமின்றிக் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டனவென்ற குற்றச்சாட்டு எழுந்தது. எண்ணிக்கை இலக்குகளை விடுத்துப் பெண்ணின் தீர்மானத்தை முதன்மைப்படுத்துக என 1994இற் கெய்ரோவில் உலக நாடுகள் உடன்பட்டு 19 ஆண்டுகள் கழிந்த பின்னர் எழுந்த குற்றச்சாட்டு இது!

அரசாங்கத்தாரை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாகாது. பசு கன்றீனும் இரவில் மாட்டுக்கொட்டிலிற் கண்விழித்திருக்கும் கமக்காரர் பலர், மருமகளின் கிளினிக் நாளை அறியார். அடுத்த பிள்ளை வேண்டுமா என்பதை அவளைக் கேளாமலே மாமியாரும் கணவனும் முடிவுசெய்யும் வீடுகள் நம் அயலிலேயே உள. மொழியுரிமைக்கு மேடையேறிய நாமும், பேறுகால உரிமையைப் பெண்கள் விடயமென ஒதுக்கிவைத்தோம். இதனை மறைக்க வேண்டுவதில்லை.

தீவிலிருந்து முன்கூட்டியே வரும் கர்ப்பிணிகள் உறவினர் வீட்டுத் திண்ணையை நம்பியிராது தங்குவதற்கு, வைத்தியசாலைக்கு அண்மையில் ஒரு விடுதி வேண்டும். இரவும் பகலும் ஆயத்தமாக நிற்கும் நோயாளர் படகு வேண்டும். அதில் மருத்துவமாது ஒருவரும் இருத்தல் வேண்டும். படகு பழுதுற்றால் மாற்றுப் படகுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவிப்பெயர் துறைமுகப்பிலேயே எழுதப்படல் வேண்டும். சம்மதப் பத்திரம் தமிழில் அமைந்து, கையொப்பத்துக்கு முன் வாசித்து விளக்கப்படல் வேண்டும். இவற்றை ஆராயும் குழுவில் தீவுத் தாய்மாருக்கு இடமளிக்க வேண்டும்.

மாகாணச் சுகாதாரப் பகுதியினரிடம் நாம் கேட்பன இரண்டு: படகு எப்போது? விடுதி எங்கே? அடுத்த வாடைக்காற்று எழுமுன், எழுத்திலே, விடை வரட்டும்.