கண்ணாடி போலத் தண்ணீர்... கறுத்துப்போன பாட்டில்!

போன இதழில் மோர்மிளகாய் போடும் பக்குவம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை சமையலறையை விட்டு உங்களைக் கொல்லைப்புறத்து அடிபம்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

நான் வாழ்க்கைப்பட்டது காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்கரையோரம் ஒரு கிராமம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு ஏரியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அதே கரைதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டி, அப்பாவின் பட்டப்பெயரால் வீரநாராயணம் என்று பெயர் வைத்தானாம். அது வாய்வழக்கில் வீராணம் ஆகிவிட்டது. கொள்ளிடத்துக் கீழணையில் பிரிகிற வடவாறு காவிரித் தண்ணீரைக் கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேற்கேயிருந்து வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். 2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னை வரை குழாயில் போகிறது.

எங்களுக்கு ஏரி என்றால் வெறும் தண்ணீரில்லை. பதினெட்டாம் பெருக்குக்குக் காதோலை கருகமணியும் சித்ரான்னமும் கொண்டுபோய்ப் படைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருகிற இடம். அந்தத் தண்ணீரை மூன்று கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளாமல் என் மாமியார் கரையேற மாட்டார். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது.

மாமியாருக்கு ஏரிக்கு அடுத்தபடி பெருமை எங்கள் வீட்டு அடிபம்புதான். இருபத்தைந்தடி ஆழம்தான் இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும், இளநீர் போல இனிக்கும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறதென்று அக்கம்பக்கத்தார் நாலைந்து வீட்டுக்காரர்கள் குடிக்க எங்களிடம்தான் பிடித்துப் போவார்கள். "நம்ம வீட்டுத் தண்ணி குடிச்சவங்க ஒருத்தர் டாக்டர்கிட்ட போனதில்ல" என்பார் மாமியார்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், வீட்டுக்கு வீடு குழாய் கொடுப்பதோடு, ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். மகளிர் குழுவிலிருந்து என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். "பத்தாவதோட படிப்பை நிறுத்தினவ நான், எனக்கென்ன தெரியும்?" என்று முதலில் தயங்கினேன். ரசத்துக்குப் புளி பார்க்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையில்லை என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, உப்பு, கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் கணக்குப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் கிருமிச் சோதனை. மருந்து போட்ட சின்ன பாட்டிலில் குறித்த அளவு தண்ணீர் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளில் தண்ணீர் கறுத்தால், மலத்தில் இருக்கிற கிருமி அதில் கலந்திருக்கலாம் என்று எச்சரிக்கை. அந்தக் கிருமிகளோடு வருகிற பாக்டீரியா ஒருவகை கந்தக வாயுவை உண்டாக்கும், அது மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

கார்த்திகை மாதம், ஏரி நிரம்பியிருந்த சமயம். என்னோடு சேர்ந்து சோதனை செய்கிறவள் காலனியைச் சேர்ந்த ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். இருவருமாக ஐந்து இடத்தில் தண்ணீர் பிடித்தோம். மேல்நிலைத் தொட்டிக் குழாய், பள்ளிக்கூடம், கோயில் கிணறு, காலனியில் ஆழமாகப் போட்ட அடிபம்பு, ஐந்தாவது எங்கள் வீடு. 'நம் வீட்டில் எதற்கு?' என்று எனக்கே தோன்றியது. கணக்குக்கு ஐந்து வேண்டுமே என்றுதான் பிடித்தேன். பாட்டில்களைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்ததும் எடுத்துப் பார்த்தோம். கோயில் கிணறு லேசாகக் கறுத்திருந்தது. காலனிப் பம்பு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டு பாட்டில்? மை கரைத்து ஊற்றின மாதிரி!

எனக்குக் கை நடுங்கியது. அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே மாமியார் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிஷம், சகோதரிகளே, பொய் சொல்வானேன், 'இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு எழுதலாம், இப்போது விட்டுவிடுவோம்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஊரெல்லாம் என்ன சொல்லும்?

அவள் மெதுவாக, "அக்கா, எழுதிட்டு அப்புறம் இன்னொரு தடவ பாக்கலாம்க்கா. உங்க வீட்டுத் தண்ணிய நாலு வீட்டுப் பிள்ளைங்க குடிக்குதுங்க" என்றாள்.

அப்போதுதான் தீபாவளி ஞாபகம் வந்தது. நாத்தனாரின் பேத்தி, மூன்று வயதுக் குழந்தை, வந்த மூன்றாம் நாள் வாந்தியும் பேதியுமாகத் துவண்டுபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாங்கள் எல்லோரும் அதிரசத்தின்மேல் பழியைப் போட்டோம். தண்ணீரால்தான் வந்தது என்று இப்போதும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் குழந்தை குடித்ததெல்லாம் அந்தத் தண்ணீர்தான். பேனாவை வாங்கி, என் கையாலேயே எழுதினேன்.

சில ஊர்களில் பூமியிலேயே கந்தகம் இருந்தாலும் பாட்டில் கறுக்குமாம். அதனால் மறுபடி தண்ணீர் பிடித்து மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அங்கேயும் அதே முடிவுதான் வந்தது.

காரணம் என்ன தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் கட்டின கழிப்பறை! அதன் குழிக்கும் பம்புக்கும் பதினைந்தடிதான் இருக்கும். கோடையில் ஒன்றும் தெரியாது. ஏரி நிரம்பும்போது கரையோரத்தில் நிலத்தடி நீரும் மேலே ஏறி வந்துவிடுகிறது. குழித் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் மண்ணுக்குள் கைகோத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வாடையும் வராது. நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் குழிக்கும் ஊற்றுக்கும் குறைந்தது 10 மீட்டராவது, அதாவது முப்பத்துமூன்றடி, இடைவெளி வேண்டுமாம். நமக்கு யார் சொன்னார்கள்? நாமும் கேட்கவில்லை.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? பாட்டிலைக் காட்டினேன். "மருந்து ஊத்தினா எதுதான் கறுக்காது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அத்தே, உங்க அம்மா வீட்டு ஊர்ல குடிதண்ணிக் குளம் எப்படி இருக்கும்?" என்று பேச்சுக் கொடுத்தேன். உற்சாகமாகிவிட்டார். அதில் யாரும் கால் கழுவக் கூடாது, செருப்போடு படியிறங்கக் கூடாது, மாட்டுக்கு வேறு குட்டை, துணிக்கு வேறு துறை, கலங்கல் வந்தால் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "காலனிக்காரங்களையும் எறங்க விடமாட்டாங்க. அவங்க தள்ளிக் குடத்த வெச்சிட்டு, யாராச்சும் மொண்டு ஊத்த மாட்டாங்களான்னு நிப்பாங்க. அது பாவந்தான்" என்றார்.

பிறகு வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "கண்ணுக்குத் தெரியற குளத்துக்குக் காவல் வெச்சோம். பூமிக்குள்ள ஒரு குளம் இருக்கறத மறந்துட்டோம். நாமளே அதுல அசிங்கம் பண்ணிட்டமே" என்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்தபோது, "இது இனிமே துணிக்கும் செடிக்குந்தான். குடிக்கக் குழாயில பிடிச்சுக் காய்ச்சிக்கோங்க" என்று மாமியாரே சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் அடுத்த தடவை சோதனைக்கு வந்தபோது, அவளைத் திண்ணையில் நிறுத்தாமல் கூடத்துக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்ததும் அவர்தான். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கழிப்பறைக் குழியை இப்போது தோட்டத்துக் கோடியில், ஐம்பதடி தள்ளி மாற்றிவிட்டோம். என் வீட்டுக்காரர் செலவுக் கணக்குப் பார்த்து முணுமுணுத்தார். ஆஸ்பத்திரிச் செலவைச் சொன்னதும் அடங்கிவிட்டார். பம்பை வருஷம் முழுக்கச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மறுபடி குடிப்பது என்று முடிவு.

ஏரி, குளம், ஆற்றங்கரையோரம் இருக்கிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

தெளிவாக இருப்பதாலேயே தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத்தான் தெளியவைக்கும். அதை நம்பிக் காய்ச்சாமல் இருந்துவிடாதீர்கள். துணியில் வடிகட்டினாலும் கிருமி போகாது.

தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள்.

குடத்துக்குள் டம்ளரோடு கையை விடாதீர்கள். நீளக் காம்பு வைத்த அகப்பையால் மொண்டுகொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரில் வரும் லேசான மருந்து வாடை குளோரினுடையது. அது காவல்காரன் மாதிரி, விரட்டிவிடாதீர்கள்.

குழந்தைக்குப் பேதியானால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

உங்கள் ஊரிலும் தண்ணீர் பரிசோதிக்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு முதல் பாட்டிலை உங்கள் வீட்டிலேயே பிடிக்கச் சொல்லுங்கள். கறுத்தால் வெட்கப்படாதீர்கள். நான் பட்ட வெட்கம் நம் இருவருக்கும் போதும்!