மை வீட்டுக்குள்ளே, கறை வெளியே!

ஒரு காலத்தில் வீட்டில் மை என்றால் ஒரே ஒரு புட்டி நீல மைதான். பேனாவுக்கு ஊற்றும்போது விரலில் இரண்டு சொட்டு பட்டால், தலையில் தடவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவோம். இன்றைக்கு? கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு நிறத்தில் மை வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது! 2020-ல் பள்ளிக்கூடங்களை மூடி, கைபேசியில் பாடம் நடத்தினார்களே, அப்போது பிரிண்டர் வாங்கிய வீடுகள் எத்தனையோ. வாங்கியாச்சு, அதை மை ஒழுகாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த இதழில் நம் பேச்சு.

எங்கள் மாடி வீட்டுப் பெண் கெட்டிக்காரி. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பிராஜெக்ட் பக்கங்களை அச்சடித்துக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாள். போன மாதம் இறங்கி வந்தாள். "அக்கா, பிரிண்டருக்கு அடியிலே மை கசியுது. குழந்தை இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கான். மேஜைக்குக் கீழேதான் போய்ப் போய் உட்காருறான். எனக்கு வயித்தைக் கலக்குது!" என்றாள். கலக்காதா பின்னே?

மை ஏன் ஒழுகுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரிண்டரின் 'ஹெட்'டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் இருக்கின்றன. மை டாங்க், ஹெட்டைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். அதனால்தான் மை தானாக வழியாமல் குழாயில் அடக்கமாக நிற்கிறது. பிரிண்டரைத் தூக்கிச் சாய்த்தால் டாங்க் மேலே, ஹெட் கீழே ஆகிவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர் குழாய் வைத்து இறக்குவோமே, அந்தக் கதைதான்!

என் நாத்தனார் வீடு மாறினபோது இதுதான் நடந்தது. வண்டிக்காரர் பிரிண்டரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, துணிப் பெட்டிமேல் ஏற்றிவிட்டார். போய் இறக்கிப் பார்த்தால் இரண்டு பட்டுப்புடவை பாழ். வீடு மாறும்போது பிரிண்டரை மட்டம் மாறாமல், நம் மடியிலேயே வைத்து எடுத்துப் போவது நல்லது. டாங்க் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சில மாடல்களில் மையை அடைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். கிளம்புமுன் அதை மூடி, போய்ச் சேர்ந்ததும் திறக்க வேண்டும். பிரிண்டரைப் பெரிய பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட்டால் இன்னும் நிம்மதி.

மை ஊற்றும்போது

குழந்தை தூங்கின பிறகுதான் மை ஊற்ற உட்கார வேண்டும். அடுப்பில் குக்கர், வாசலில் பால்காரர் என்ற நேரத்தில் வேண்டவே வேண்டாம். மேஜைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய செய்தித்தாள் போடுங்கள். கையில் ரப்பர் உறை. ஒரு நிறத்தின் மூடியைத் திறந்து, ஊற்றி, மூடிவிட்டுத்தான் அடுத்த நிறம். பாட்டிலைப் பிதுக்கக் கூடாது, தானாக இறங்கட்டும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. அதேபோல் கீழ்க்கோட்டுக்கும் கீழே போகவிடாதீர்கள். காற்று குழாயில் புகுந்துவிட்டால் அச்சு விட்டுவிட்டு வரும். ஊற்றி முடித்ததும் டாங்க் வாயைக் காகிதத்தால் ஒற்றித் துடைத்து மூடுங்கள். மிச்சமிருக்கும் பாட்டிலை நிற்கவைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் என்றால், உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கும். மையைப் பிடித்து வைப்பது அதுதான். ஊசியால் நிரப்புகிறவர்கள் 'இன்னும் கொஞ்சம் போகட்டும்' என்று ஆசைப்படுவார்கள். ஸ்பாஞ்ச் நிறைந்து போனால் வழியத்தானே செய்யும்? மெல்ல ஏற்றி, மேலே மை தெரிந்ததும் நிறுத்துங்கள். மடித்த காகிதத்தின்மேல் சில நிமிஷம் வைத்துப் பாருங்கள். சொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே மாட்டாதீர்கள்.

கிளீனிங் என்னும் வேலை

கோடு கோடாக அச்சு வந்தால் உடனே 'கிளீனிங்' கொடுக்கிறோம். அப்போது ஹெட்டிலிருந்து உறிஞ்சப்படும் மை எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? அடியில் ஒரு தடித்த பஞ்சு அட்டைக்குப் போகிறது. குழந்தைக்குக் கட்டுகிற நாப்கின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அது நிறைந்ததாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் செய்தி காட்டி நின்றுவிடும்.

மாடி வீட்டில் நடந்தது இதுதான். கூப்பிட்ட மெக்கானிக் இரண்டு தடவையும் அந்தக் கணக்கை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்து, ஓடவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பஞ்சு அட்டையை மாற்றவில்லை. நனைந்த நாப்கினை அவிழ்க்காமல் ஜட்டியை மட்டும் மாற்றினால் ஒழுகாதா? வேறு ஆளை வைத்து அட்டையை மாற்றினாள், கசிவு நின்றது. ஆகவே ரிப்பேருக்கு விடும்போது, "பேட் மாத்துறீங்களா, இல்லை ரிசெட் மட்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில புது மாடல்களில் இந்தப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம்.

கிளீனிங்கை இரண்டு, மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். மையும் வீண், பஞ்சும் சீக்கிரம் நிறையும். ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அதைவிட, வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடித்துவிட்டால் மை காயாது, கிளீனிங்கே அதிகம் தேவைப்படாது. அணைக்கும்போது பிரிண்டரிலுள்ள பொத்தானை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டால் ஹெட் தன் மூடிக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்று காய்ந்துவிடும். ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்.

துடைக்க வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே தெரியும் பட்டையான வெள்ளை ஒயர், கண்ணாடி மாதிரி நாடா, மைக்குழாய்கள் எதிலும் கை வைக்கக் கூடாது.

பட்டுவிட்டால்

தரையில் சிந்தினால் தேய்க்காமல் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பளிங்குத் தரை மையைக் குடித்துவிடும், உடனே கவனியுங்கள். பருத்தித் துணியென்றால் பச்சைத்தண்ணீரில் அலசி, கறைக்கு அடியில் வெள்ளைத் துணி வைத்து, ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றி, பிறகு சோப்புப் போடுங்கள். சாயம் போகுமா என்று மடிப்பு ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கறை போகும்வரை வெந்நீரும் இஸ்திரியும் ஆகாது. பட்டு என்றால் கைவைத்தியம் வேண்டாம், சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சில பிரிண்டர்களின் கறுப்பு மை காய்ந்துவிட்டால் எதற்கும் அசையாது.

குழந்தையின் கையில் பட்டால் சோப்புத் தண்ணீர் போதும். கண்ணில் தெறித்தால் கசக்கவிடாமல் சுத்தமான தண்ணீரால் 15 நிமிஷம் கழுவி, டாக்டரிடம் போங்கள். வாயில் போட்டுக்கொண்டால் வாயைத் துடைத்து விடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரிண்டர் மேஜைக்கு அடியில் வாரம் ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள், சகோதரிகளே. விரலில் ஈரம் ஒட்டினால், அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தவழுகிற பிள்ளை கண்டுபிடிக்கும் முன்னால் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும்!