யாருடைய பட்ஜெட்? கல்வராயன் மலை கேட்கும் கணக்கு

பட்ஜெட் நல்லதா கெட்டதா என்று பங்கு மார்க்கெட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரிய பத்திரிகைகளின் வழக்கம். உழைப்பாளி மக்களிடம் வேறு அளவுகோல் இருக்கிறது. வேலை கேட்டவருக்கு வேலை கிடைத்ததா? செய்த வேலைக்குக் கூலி காலத்தில் வந்ததா? உழைத்து ஓய்ந்த கிழவனுக்கும் கிழவிக்கும் கஞ்சிக்கு வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் கள்ளக்குறிச்சியிலும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலும் வைத்துக் கேட்டுப் பார்ப்போம்.

இந்த மலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பூமி இது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் இங்கே ஜாகீர்தார்களின் ஆட்சிதான் நடந்தது. கூலியில்லா வெட்டி வேலை வாங்கிய அந்த முறை 1976ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இம்மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தபோது, இவர்களுக்கு வாக்குரிமை கிட்டியதே 1996இல்தான் என்ற சேதி நாடறிய வெளிவந்தது. குடியரசு பிறந்து 46 ஆண்டுகள், அதன் பட்ஜெட்டுகளை நிறைவேற்றிய சபைகளில் இம்மக்களுக்குப் பிரதிநிதி இல்லை!

நீதிமன்றத்தின் கண் இம்மலைப்பக்கம் திரும்ப என்ன நேர வேண்டியிருந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் கூலிகள். மாநில சர்க்கார் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அதைக் குறை கூறுவோர் கல்நெஞ்சர்கள். ஆனால் ஒன்று கேட்கிறோம்: சாவுக்குத் திறக்கும் கஜானா, அந்த மனிதர்கள் உயிரோடு வேலை கேட்டு நின்றபோது எத்தனை தூரம் திறந்தது?

நூறு நாள் வேலையின் கதை

கிராமத்து ஏழைக்கு வேலை கேட்கும் உரிமையைத் தந்த சட்டம் 2005ஆம் ஆண்டில் பார்லிமெண்டில் நிறைவேறியது. இடதுசாரிகளின் ஆதரவை நம்பி அன்றைய மத்திய சர்க்கார் நின்ற காலம் அது. 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் அமலாயிற்று. தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரத்தோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019இல். ஆகவே இத்திட்டம் முதலில் கால்வைத்த மண் இது என்று சொல்வதில் தவறில்லை.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்ன? கேட்டால் வேலை தர வேண்டும். 15 நாளில் தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். எத்தனை பேர் கேட்கிறார்களோ அதற்குத் தக்கபடி பணம் ஒதுக்க வேண்டும். பணம் இவ்வளவுதான், அதற்குள் வேலை கொடு என்பது அதன் நேர் தலைகீழ்.

அந்தத் தலைகீழ்ப் பாடம்தான் வருஷா வருஷம் பட்ஜெட்டில் அரங்கேறியது. கொரோனா ஆண்டான 2020-21இல் இத்திட்டத்துக்குச் செலவானது 1 லட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபாய். 2023-24 பட்ஜெட்டில் 60 ஆயிரம் கோடி என்று வெட்டினார்கள். மக்கள் வேலை கேட்டு வந்ததால் பிறகு 86 ஆயிரம் கோடியாக உயர்த்த நேர்ந்தது. 2024-25இலும் 86 ஆயிரம் கோடி. 2025-26இலும் அதே 86 ஆயிரம் கோடி. நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1ஆம் தேதி சமர்ப்பித்த அந்தப் பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. நூறு ரூபாயில் 1 ரூபாய் 70 காசு கிராமத்து ஏழையின் வேலைக்கு!

"குறைக்கவில்லையே, அதே தொகைதானே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் நாட்கூலி 2023-24இல் 294 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். பணம் அப்படியே நிற்க, கூலி மட்டும் ஏறினால் என்ன ஆகும்? முன்பு எட்டு நாள் வேலை தந்த பணம் இப்போது ஏழு நாளுக்குத்தான் காணும். ஒரு கையால் கூலியை உயர்த்தி மறு கையால் நாளைக் குறைக்கும் இந்த வித்தைக்குப் பெயர் நியாயமா?

சட்டப் புத்தகத்தில் 100 நாள். நாடு முழுவதற்குமான சராசரி 50 நாளைச் சுற்றித்தான். ஐம்பது நாளும் முழுக் கூலி கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 16,800 ரூபாய், மாதம் 1,400 ரூபாய். தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வருவோரில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெட்டப்படும் ஒவ்வொரு கோடியும் யாருடைய மடியிலிருந்து பறிக்கப்படுகிறது என்பது விளங்கும்.

வந்த கூலியாவது காலத்தில் வருகிறதா? வேலை செய்த இடத்தில் நாளைக்கு இரண்டு முறை செல்போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகை உண்டு என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். ஆதார் வழியில்தான் கூலி என்று 2024 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். செல்போன் கோபுரம் எட்டாத மலைச்சரிவில் மண் வெட்டும் தாய், டில்லியில் எழுதிய இந்த விதிக்கு எங்கே போவாள்? கூலி தாமதித்தால் நஷ்டஈடு உண்டு என்கிறது சட்டம். எவ்வளவு? நாளொன்றுக்கு நூற்றுக்கு 5 காசு! ஆறு நாள் கூலியான 2,016 ரூபாய் தாமதித்தால் நாளுக்கு ஒரு ரூபாய். அந்த இடைவெளியில் அடுப்பெரிய மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்கினால், அதே தொகைக்கு நாளுக்கு 6 ரூபாய்க்கு மேல் வட்டி. சர்க்கார் தாமதத்தின் லாபம் லேவாதேவிக்காரனுக்கு!

உள்ளூரில் வேலை இல்லாவிட்டால் மலைவாசி எங்கே போகிறான்? கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும், திருப்பூருக்கும் போகிறான். தரகனின் முன்பணத்தில் சிக்கினால் ஆந்திரக் காட்டில் மரம் வெட்டவும் போகிறான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டுக்கொன்ற 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைப்பக்கத்து ஏழைகள். பட்ஜெட்டில் வெட்டு விழுந்தால் அதன் காயம் எங்கெல்லாம் போய்ப் படுகிறது பாருங்கள்.

125 நாள் என்னும் மாயமான்

2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் பழைய சட்டத்தையே தூக்கியெறிந்துவிட்டுப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டது. மகாத்மா காந்தியின் பெயர் போயிற்று. "100 நாளை 125 ஆக்கியிருக்கிறோம்" என்று தம்பட்டம் அடித்தார்கள். ஐம்பது நாளுக்கே பணம் காணாதபோது 125 என்று எழுதிக் காட்டுவதால் யார் வயிறு நிறையும்?

விஷயம் அதோடு நிற்கவில்லை. பழைய சட்டப்படி கூலித் தொகை முழுவதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. புதிய சட்டப்படி பெரும்பாலான மாநிலங்கள் மொத்தச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்பதை டில்லி நிர்ணயிக்கும். அதற்கு மேல் மக்கள் வேலை கேட்டால் அந்தச் செலவு முழுவதும் மாநிலத்தின் தலையில். உரிமை என்பது ஒதுக்கீடாகச் சுருங்கிவிட்டது. நாளை கல்வராயன் மலைப் பெண் வேலை கேட்டு நிற்கும்போது டில்லி சென்னையைக் கைகாட்டும், சென்னை டில்லியைக் கைகாட்டும். நடுவில் அவள் வெறுங்கையோடு திரும்புவாள்.

விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் 60 நாள் இவ்வேலையை நிறுத்தலாம் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. இங்கே நம் சிறு விவசாயத் தோழர்களோடு மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. "நூறு நாள் வேலையால் ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை" என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்பு விவசாயி சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவருடைய கஷ்டம் வாஸ்தவம். ஆனால் அந்தக் கஷ்டத்தை உண்டாக்கியது மண் வெட்டும் கூலிக்காரியா? உரமும் டீசலும் விலை ஏற, விளைபொருளுக்குக் கட்டும் விலை வராததுதான் அவர் கையைக் கட்டிப்போட்டது. கட்டும் விலை கிடைத்தால் நியாயக் கூலி கொடுக்க அவரால் முடியும். கூலிக்காரியின் அடுப்பை 60 நாள் அணைத்தால் லாபம் அடைவது பெரும் நிலப்பிரபுவே தவிர இரண்டு ஏக்கர்க்காரர் அல்ல. இரண்டு ஏழைகளை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் சூழ்ச்சிக்கு நாம் இரையாகக் கூடாது.

கிழவியின் 200 ரூபாய்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு, 60 முதல் 79 வயது வரை, மத்திய சர்க்கார் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007ஆம் ஆண்டிலும் 200. 2025-26 பட்ஜெட்டிலும் 200! நாளுக்கு 6 ரூபாய் 66 காசு. வெள்ளிமலைக் கடைத்தெருவில் ஒரு டீக்குக் காணுமா? இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறக்குறைய மும்மடங்கு ஆகிவிட்டது. அன்று 200 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை வாங்க இன்று 600 ரூபாய் வேண்டும். உத்தியோகஸ்தர்களுக்குப் பஞ்சப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது, அது நியாயமே. கிழவியின் கஞ்சிக்கு மட்டும் பஞ்சம் கிடையாதா?

தமிழ்நாட்டு சர்க்கார் தன் பங்கைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது. அதில் 1,000 மாநிலத்தின் பணம். வரவேற்கிறோம். ஆனாலும் அது நாளுக்கு 40 ரூபாய்தான். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைப் போன்ற ஆலைகளில் உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். 2025ஆம் ஆண்டு முடியும்வரை அந்த எண் ஓர் அங்குலம் நகரவில்லை.

பணம் இல்லையா?

"நல்ல யோசனைதான், பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். பதில் அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது. 2019 செப்டம்பரில் பெரும் கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு 30லிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு போகும் என்று சொன்னது நிதி மந்திரியேதான். முதியோர், விதவையர், ஊனமுற்றோர் அனைவருக்குமாக மத்திய சர்க்கார் 2025-26இல் ஒதுக்கியது 9,652 கோடி. முதலாளிகளுக்கு ஓராண்டில் விட்டுக்கொடுத்த பணத்தைக் கொண்டு இந்த ஏழைகளுக்கு 15 ஆண்டு ஓய்வூதியம் தரலாம். அந்த ஒதுக்கீட்டை மும்மடங்கு ஆக்க வேண்டுமானால் கூடுதலாக வேண்டியது 19 ஆயிரத்துச் சொச்சம் கோடி. விட்டுக்கொடுத்த வரியில் ஏழில் ஒரு பங்குகூட ஆகாது. கஜானாவில் பணம் இருக்கிறது. அது எந்தத் திசையில் பாய வேண்டும் என்பதே வர்க்கப் பிரச்சினை.

மாநில சர்க்காரின் கணக்கையும் விட்டுவிட முடியாது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். இதில் பெரும் பகுதி உழைப்பாளியின் மடியிலிருந்து கவுண்டரில் விழுந்த காசு. உழைப்பாளியிடம் பிடுங்கியதில் சிறு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை "இலவசம்" என்று ஏளனம் செய்கிறார்கள் சீமான்கள். வாங்கும் ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுபவன் பிச்சைக்காரனா? அவன் கேட்பது தன் பங்கை. 2024இல் தமிழ்நாடு சட்டசபை ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் ஏட்டில் உறங்காமல் கல்வராயன் மலையின் பாதையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறுகிறதா என்று கண்காணிக்க வேண்டியதும் நம் கடமை.

ஆகவே முதலில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் பட்ஜெட் தரும் விடை: வேலை பாதி, கூலி தாமதம், கஞ்சி இல்லை. இதை நியாயமென்று சொல்ல எந்தப் பொருளாதார மேதைக்கும் நாக்கு எழக் கூடாது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. கேட்டவருக்கெல்லாம் வேலை என்ற உரிமையை மீட்டுத் தர வேண்டும். கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்க வேண்டும். செல்போன் படம் ஏறவில்லை என்று ஒருவர் கூலியும் வெட்டப்படக் கூடாது. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய பங்கை உடனே 600 ரூபாயாக உயர்த்தி விலைவாசியோடு இணைக்க வேண்டும். கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த வரியைத் திரும்ப வசூலிக்க வேண்டும்.

கோரிக்கை வெறும் காகிதத்தால் நிறைவேறியதில்லை. எந்தச் சட்டத்தின் பெயரில் வேலை நடந்தாலும், வேலை கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். தேதி போட்ட ரசீது வாங்காமல் ஆபீஸை விட்டு நகராதீர்கள். அந்த ரசீதுதான் வேலையில்லாப் படி கேட்க உங்கள் கையிலுள்ள ஆயுதம். மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் கூடும் கிராம சபைகளில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மலையாளி மக்களும் கருணாபுரத்துக் கூலிகளும் கரும்புத் தோட்டத்துச் சிறு விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றால், அடுத்த பட்ஜெட்டை எழுதுகிறவர்கள் கல்வராயன் மலை எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தில் தேடிப் பார்த்தே தீர வேண்டும்.