இரவல் சின்னங்கள்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். ஆனால் மக்களவைக்கு ஓட்டுப் போடுவது தென்காசித் தொகுதியில். 2024-இல் அங்கே தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார் 4,25,679 வாக்குகள் பெற்று வென்றார். புதிய தமிழகம் கிருஷ்ணசாமிக்கு 2,29,480, தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் ஜான் பாண்டியனுக்கு 2,08,825, நாம் தமிழர் கட்சியின் இசை மதிவாணனுக்கு 1,30,335. தோற்ற மூவரையும் கூட்டினால் வென்றவரைவிட ஏறத்தாழ 1.43 லட்சம் கூடுதல்.

எண்களைவிடச் சின்னங்களைப் பாருங்கள். கிருஷ்ணசாமி நின்றது அ.தி.மு.க.வின் இரட்டை இலையில், ஜான் பாண்டியன் நின்றது பா.ஜ.க.வின் தாமரையில். இருவருமே கட்சித் தலைவர்கள். இயந்திரத்தில் அவர்கள் கட்சிக்கென்று ஒரு பொத்தான் இல்லை. தனித்து நின்றால் ‘ஓட்டு வீணாப் போகும்’ என்று ஆதரவாளரே தயங்குவார். அப்படியும் தனித்து நின்ற நாம் தமிழர், அந்தத் தேர்தலில் மாநிலமெங்கும் எட்டு விழுக்காட்டைத் தாண்டியும் ஓரிடம்கூடப் பெறவில்லை. சுமார் 47 விழுக்காடு வாங்கிய தி.மு.க. அணிக்கு 39 தொகுதிகளும் கிடைத்தன.

தோற்ற மூவரின் ஓட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டறிய, அதிக ஓட்டு வாங்கியவரே வெல்லும் இந்த முறையில் வழியே இல்லை என்பதுதான் குறை. 2021 சட்டமன்றத் தேர்தலில் இராஜபாளையத்தில் தி.மு.க.வின் தங்கப்பாண்டியன், அ.தி.மு.க.வின் ராஜேந்திர பாலாஜியை வென்றது 3,898 வாக்குகளில். நாம் தமிழர் வாங்கியது அதைவிட அதிகம். அந்த வாக்காளர்களின் இரண்டாம் விருப்பம் எது? யாரும் கேட்கவில்லை.

சட்ட ஆணையம் 1999-இல், கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கேற்ப அவற்றின் பட்டியலிலிருந்து நிரப்பும் கூடுதல் இடங்களைப் பரிந்துரைத்தது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு: பட்டியல் எழுதும் பேனா கட்சித் தலைமையிடம்தான் இருக்கும். விருப்ப வரிசை வாக்கே மேல். மாநிலங்களவைத் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று எழுதித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசார முறையை அம்பேத்கர் மறுத்தார். மக்களின் எழுத்தறிவின்மையும் நிலையான ஆட்சியின் தேவையும் அவர் சொன்ன காரணங்கள். முதல் காரணம் இன்று செல்லாது. இரண்டாவது, தொகுதிக்கு ஒருவரையே தேர்ந்தெடுக்கும் விருப்ப வாக்குக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இலங்கையில் 2024 செப்டம்பரில் முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாததால், அடுத்த விருப்பங்களையும் எண்ணித்தான் அநுரகுமார திசாநாயக்க ஜனாதிபதியானார்.

மக்களவைக்கு விருப்ப வாக்கைக் கொண்டுவர நாடாளுமன்றம் மனது வைக்க வேண்டும். நகராட்சித் தேர்தலுக்கு மாநிலச் சட்டமே போதும். இராஜபாளையத்தின் 42 வார்டுகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரின் 33 வார்டுகளிலும் அடுத்த முறை வாக்குச்சீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவரட்டும்.