ரீஸ்டார்ட் பண்ணினா சரியாப் போயிடுமா?

ஓஎஸ் லேபில் ஒரே ஒரு மந்திரம்தான். செமஃபோர் ப்ரோக்ராம் தொங்குதா? "ரீஸ்டார்ட் பண்ணு". மெசேஜ் க்யூவில் சம்பந்தமே இல்லாத வரி வருதா? "ரீஸ்டார்ட் பண்ணு". பண்ணினால் ஓடவும் செய்கிறது. ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாச்சு, பஸ் பிடிச்சாச்சு.

இந்தப் பதிவு அந்த மந்திரத்துக்கு எதிரானது. ரீஸ்டார்ட் பண்ணுவது சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல வரவில்லை (சோம்பேறித்தனத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது :-)). தப்பான ப்ரோக்ராமைச் சரியான ப்ரோக்ராம் மாதிரி அது காட்டிவிடுகிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

கொஞ்சம் வரலாறு. மெசேஜ் க்யூ, செமஃபோர், ஷேர்டு மெமரி என்று நாம் லேபில் எழுதும் மூன்றும் பெல் லேப்ஸின் கொலம்பஸ் யூனிக்ஸில் பிறந்து, 1983ல் ஏடி அண்ட் டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியாகப் பரவியவை. மூன்றுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. உருவாக்கிய ப்ராசஸ் செத்தாலும் இவை சாகாது. மாலாக் போட்டு வாங்கிய மெமரி ப்ராசஸோடு போய்விடும், திறந்து வைத்த ஃபைல் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் இவை கெர்னலின் கணக்கில் இருப்பவை. யாராவது "அழி" என்று சொல்லும் வரை, அல்லது மெஷின் அணையும் வரை அங்கேயேதான் கிடக்கும். குடியிருந்தவர் காலி பண்ணிப் போன பிறகும் பீரோவும் கட்டிலும் வீட்டுக்குள்ளேயே கிடப்பது மாதிரி.

அந்தப் பீரோவையும் கட்டிலையும் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது. பெயர் ஐபிசிஎஸ். நாலே எழுத்து, எல்லாம் சின்ன எழுத்து, லினக்ஸில் தனியாக எதையும் இன்ஸ்டால் பண்ணக்கூட வேண்டாம், யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு வந்துவிடுகிறது. கிடப்பதை அப்புறப்படுத்த ஐபிசிஆர்எம். லேப் மேனுவலில் ஷேர்டு மெமரி இருக்கும், செமஃபோர் இருக்கும், வைவாவில் "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்" என்ற கேள்வியும் இருக்கும். இந்த இரண்டு கட்டளைகள் மட்டும் இருக்காது!

இல்லாததால் என்ன ஆகிறது? சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வந்து சேரும் ஷேர்டு மெமரி ப்ரோக்ராம் ஒன்று எல்லோருக்கும் தெரியும். சாவி எண் 5678. சர்வர் 'ஏ' முதல் 'இஸட்' வரை எழுதிவிட்டு, க்ளையன்ட் ஒரு நட்சத்திரக் குறி போடும் வரை காத்திருக்கும். போட்டதும் எக்ஸிட். அழிக்கச் சொல்லி ஒரு வரி கூட அதில் கிடையாது. அதை ஓட்டிவிட்டு ஐபிசிஎஸ் மைனஸ் எம் அடித்துப் பாருங்கள். ப்ராசஸ் போய்விட்டது, அந்த மெமரித் துண்டு உட்கார்ந்திருக்கிறது. சாவி இருக்கும் இடத்தில் 5678 என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் ஐபிசிஎஸ் சாவியைப் பதினாறின் அடிமானத்தில்தான் காட்டும்: 162இ. நம்ம மக்களுக்குப் பிடித்த 1234 அங்கே 4டி2 ஆகியிருக்கும். (சாவியை ஏன் இப்படிக் காட்டுகிறார்கள் என்று எனக்கும் எரிச்சல்தான். இந்தக் கட்டளையின் முகம் அவ்வளவு லட்சணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.)

எல்லோரும் ஒரே சர்வரில் லாகின் பண்ணும் லேபாக இருந்தால் இன்னும் வேடிக்கை. எல்லோருக்கும் சாவி 1234, எல்லோருக்கும் அனுமதி 666. அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். பக்கத்து பெஞ்ச்காரன் நேற்று அனுப்பிய "ஹாய்" இன்று உங்கள் ப்ரோக்ராமில் வந்து நிற்கும். பேய் பிசாசு எதுவும் இல்லை, ஐபிசிஎஸ் மைனஸ் க்யூ அடித்தால் ஓனர் யார், க்யூவில் எத்தனை மெசேஜ் மிச்சம் என்று ஒரே வரியில் எழுதியிருக்கும்.

நிற்க. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, செமஃபோர் விஷயம்தான் மோசம். ஒரு ப்ராசஸ் செமஃபோரை 0 ஆக்கி உள்ளே போகிறது. வெளியே வருவதற்குள் கண்ட்ரோல்-சி அடித்துக் கொன்றுவிடுகிறோம். செம் அண்டூ கொடியைப் போட்டிருந்தால் கெர்னல் மதிப்பைத் திருப்பி வைத்திருக்கும், நம் ப்ரோக்ராம்களில் அதைப் போடுபவர் எத்தனை பேர்? மதிப்பு 0 ஆகவே கிடக்கிறது. ஆரம்பத்தில் மதிப்பைத் திரும்ப அமைக்காத ப்ரோக்ராமாக இருந்தால் அடுத்த தடவை ஓட்டும்போது அதே சாவி, அதே பழைய செமஃபோர். உடனே தொங்கும். ரீஸ்டார்ட் பண்ணினால் ஓடும். பையன் என்ன முடிவுக்கு வருவான்? "என் கோட் சரி, மெஷின்தான் மக்கர்." அங்கேதான் அந்தப் பாடம் செத்துப்போகிறது. நடுவில் ஒருத்தன் செத்தால் மற்றவர்கள் கதி என்ன என்பதுதானே இந்தப் பாடத்தின் உயிர்நாடியே!

டைனிங் ஃபிலாசஃபர்ஸ் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஐந்து முள்கரண்டி, எல்லோரும் இடது கைப்பக்கத்தை எடுத்துவிட்டு வலதுக்குக் காத்திருந்தால் டெட்லாக். போர்டில் ஐந்து வட்டம் போட்டு அம்புக்குறி வரைவார்கள், நாமும் நோட்டில் வரைவோம். அதே ப்ரோக்ராமை உண்மையிலேயே தொங்கவிட்டு, இன்னொரு டெர்மினலில் ஐபிசிஎஸ் மைனஸ் எஸ் மைனஸ் ஐ, பக்கத்தில் அந்த செமஃபோரின் ஐடி எண், என்று அடித்துப் பாருங்கள். ஐந்து வரி வரும். ஐந்திலும் மதிப்பு 0. ஐந்திலும் என்-கவுன்ட் 1, அதாவது ஒருத்தர் காத்திருக்கிறார். கடைசிப் பத்தியில் அந்தக் கரண்டியைக் கடைசியாகத் தொட்ட ப்ராசஸின் எண், அதாவது கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறவர். இவ்வளவு நேரம் அம்புக்குறியாக இருந்த டெட்லாக் எண்களாக எதிரே நிற்கும். இதைக் காட்டாமல் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வது, ஆளைப் பரிசோதிக்க வந்த இடத்தில் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம்.

பழைய கெர்னல்களில் இன்னொரு கூத்து. செமஃபோர் தொகுதிகள் மொத்தம் 128தான். நிரம்பியதும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று எர்ரர் வரும். டிஸ்க் நிரம்பிவிட்டதாக நினைத்துப் படங்களை டெலிட் பண்ணுவார்கள். அபாச்சி வெப்சர்வரை நடத்துகிறவர்கள் பலர் இதே வரியைப் பார்த்து இதே மாதிரி ஏமாந்ததுண்டு. 2015ல் வந்த 3.19 கெர்னலில் அந்த எல்லையை 32000 ஆக்கினார்கள். எர்ரர் குறைந்தது. குப்பை குறையவில்லை, கண்ணில் படுவதுதான் குறைந்தது. இப்போது சில லினக்ஸ்களில் யூசர் முழுதாக லாக் அவுட் ஆனதும் சிஸ்டம்டி அவருடைய குப்பையைத் தானே பெருக்கிவிடும். ஒரு மெஷினில் வருகிற பிரச்சனை அடுத்த மெஷினில் வராது, குழப்பம் இன்னும் கூடுகிறது.

"இதெல்லாம் பழைய சரக்குப்பா, போசிக்ஸ் வந்தாச்சு" என்று ஒரு கோஷ்டி ஜல்லியடிக்கும். போசிக்ஸ் ஷேர்டு மெமரியும் ப்ராசஸோடு சாகாது ஐயா. அன்லிங்க் பண்ணாவிட்டால் லினக்ஸில் டெவ்-எஸ்ஹெச்எம் டைரக்டரியில் ஃபைலாகக் கிடக்கும். போஸ்ட்கிரெஸ் கதையையும் கேளுங்கள். 2013ல் வந்த 9.3 பதிப்பில் பெரிய மெமரியை சிஸ்டம் ஃபைவிலிருந்து மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஒரு சின்னத் துண்டை வேண்டுமென்றே விட்டு வைத்தார்கள். காரணம் ஐபிசிஎஸ் மைனஸ் எம் காட்டும் என்-அட்ச் என்ற பத்தி: அந்தத் துண்டில் எத்தனை ப்ராசஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணிக்கை. பழைய சர்வரின் ஒரு குட்டி ப்ராசஸாவது உயிரோடு இருந்தால், அதே டேட்டா மேல் புது சர்வர் ஏறி உட்காராமல் தடுக்க அது உதவுகிறது. போசிக்ஸில் இப்படிக் கேட்க வழியில்லை.

அதனால்தான் எதிர்முனைக்காரர்களையும் சேர்த்தே திட்டவேண்டியிருக்கிறது. கட்டளையைத் தெரிந்துகொண்டு, ரூட்டாக நின்று ஐபிசிஆர்எம் மைனஸ் ஏ அடித்து எல்லாவற்றையும் துடைக்கிறவர்கள். இது ரீஸ்டார்ட்டை விட மோசம். அதே சர்வரில் ஓடும் டேட்டாபேஸின் காலடியிலிருந்து பாயை உருவுவது. என்-அட்ச் 0 என்றாலே குப்பை என்றும் சொல்லமுடியாது. மைனஸ் பி போட்டு உருவாக்கிய ப்ராசஸ் எண்ணை எடுத்து, பிஎஸ் அடித்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, ஐடி கொடுத்து.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. லேப் தேர்வில் ப்ரோக்ராம் ஓடி முடிந்ததும் ஐபிசிஎஸ் அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் ஏதாவது மிச்சம் இருந்தால் ஐந்து மார்க் கட். எனக்கும் சேர்த்துத்தான்.

கொசுறு: டாக்கருக்குள் ஐபிசிஎஸ் அடித்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று வராதீர்கள். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் வழக்கமாகத் தனி ஐபிசி நேம்ஸ்பேஸ் உண்டு, வெளியே இருப்பது உள்ளே தெரியாது.